சொல்லிவிட்டு அறுப்பவர்

அவர் "சொல்லிட்டேன்" என்றால் வேலை தொடங்கப் போகிறது என்று அர்த்தம். மற்ற பட்டறைகளில் வண்டியை உள்ளே ஏற்றியதும் ஜாக்கியைத் தேடுவார்கள், ஸ்பானரைத் தேடுவார்கள். அவர் எதையும் தொடமாட்டார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வண்டிக்காரர் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, இந்த வேலையால் இந்த வண்டிக்கு என்னென்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். குரல் ஏறாது, இறங்காது. கடைசியில் அந்த ஒரு வார்த்தை. அப்புறம்தான் கையில் இரும்பு எடுப்பார்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், தஞ்சாவூர் ரோட்டில் நான் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்த காலம் அது. எதிர்ப்புறம் அவர் பட்டறை. என் மெஷின் ரோட்டைப் பார்த்து இருக்கும். தைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தினால் அவர்தான் தெரிவார். ஒடிசலான உடம்பு. வேலை முடிந்தால் கழிவுத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார், யாருக்கோ மருந்து போடுகிற மாதிரி.

எல்லா வேலையும் செய்வார். ஆனால் வெளியூரிலிருந்து அவரைத் தேடி வந்தது ஒரே ஒரு வேலைக்குத்தான். சில பிக்கப் வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மேலே சுருள் சுருளாக ஒரு ஸ்பிரிங் நிற்கும். வண்டியின் முன்பாரம் முழுக்க அதன் தலையில். அதைக் கழற்றி, அடியில் அரைச் சுற்றோ முக்கால் சுற்றோ அறுத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் வண்டி முன்னால் தாழ்ந்து நிற்கும். தாழ்ந்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள். அழகு, அவ்வளவுதான். வெளிநாட்டில் சம்பாதித்து வந்து வண்டி எடுக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த ஆசை வந்துவிட்டிருந்தது. "மூக்கு குத்தி நிக்கணும்ணே" என்பார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை வைத்துக் காட்டுவார்கள். நாலு விரல் இருப்பது ரெண்டு விரல் ஆக வேண்டும். இன்னும் துணிந்தவர்களுக்கு ஒரு விரல்.

மற்ற இடங்களில் ஸ்பிரிங்கை அறுக்கச் சோம்பல்பட்டு, மாட்டியபடியே கேஸ் தீயைக் காட்டி உட்காரவைத்துவிடுவார்கள். அவர் அதைச் செய்யவே மாட்டார். "ஸ்பிரிங்குக்கு ஞாபகம்தான் உசுரு, தம்பி. எத்தன தடவ அமுக்கினாலும் பழைய எடத்துக்கு வரணும்னு அதுக்கு ஞாபகம் இருக்கணும். தீயக் காட்டினா மறந்துடும்" என்று ஒருமுறை சொன்னார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நல்ல வார்த்தை கேட்டால் எனக்கு அப்படி ஒரு பழக்கம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பவும் அதே குரலில் சொன்னார்.

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு தேங்காய் லோடு வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் துடிப்பான ஆள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். இவர் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார். முன்னால் தாழ்ந்தால் சக்கரம் சாயும். டயர் உள்பக்கம் மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரியே தெரியும், அதுதான் மோசம். மழை நாளில், பாரத்தோடு போகும்போது கிழியும். சொல்லிட்டேன். ஆள் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

சில மாதம் கழித்து அதே வண்டியை வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். பழைய ஆள் பக்கத்துச் சீட்டில், கையைத் துணித் தூளியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரத்தநாட்டுப் பக்கம் மழையில் டயர் கிழிந்து, தேங்காயெல்லாம் ரோடு முழுக்க உருண்டிருக்கிறது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றேன். சண்டை போடவில்லை, நசுங்கிய முன்பக்கத்தைச் சரிசெய்யத்தான் கொண்டுவந்திருந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் இவர் உட்காரப் போனபோது, அந்த ஆள் அவசரமாகச் சொன்னார்.

"அண்ணே, இந்தத் தடவ ஒண்ணும் சொல்லிடாதீங்க. பேசாம செஞ்சு குடுத்துடுங்க."

"சொல்லாம எனக்குக் கை ஓடாது தம்பி" என்றார் இவர்.

சொன்னார். அந்த ஆள் காதைப் பொத்திக்கொள்ள முடியாமல், ஒரு கைதானே இருக்கிறது, என் கடைப் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

வண்டி என்று மட்டும் இல்லை. டீக்கடை பெஞ்சைப் பார்த்து, இது யாரோ ஒரு பெரிய உடம்புக்காரருக்காகக் காத்துக்கிட்டு இருக்கு என்றார். அந்த வாரமே கல்யாணத் தரகர் ஒருவர் டீ டம்ளரோடு தரைக்குப் போனார். டீ மாஸ்டர் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் இவர் கடைக்கு வருகிறபோது மட்டும் அடுப்புக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நிற்பார், அடுப்பைப் பற்றி ஏதாவது சொல்லிவிடக் கூடாதே என்று. என்னிடம் இவர் என் மெஷினைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கருநாக்கு என்று பின்னால் பேசுவார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். இவ்வளவு தெரிகிறதே அண்ணே, மாட்டேன் என்று அனுப்பிவிடலாமே என்று. அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தான் அனுப்பினால் வேறு இடத்தில் தீயைக் காட்டி இறக்குவார்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "வேணாம்னு தடுக்கறது என் வேலை இல்ல. என்ன ஆகும்னு சொல்றதுதான் என் வேலை. சொல்லிட்டா அது அவங்களது" என்றார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் போகவே இல்லை.

அவருக்கு ஒரே பெண். தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துக் கிராமம். குவைத்தில் வண்டி ஓட்டிவிட்டு, இனி ஊர்தான் என்று வந்தவர். நல்ல பிள்ளை, என்னைக்கூட வாய் நிறைய அண்ணே என்பார். புது பிக்கப் எடுத்திருந்தார். அறுவடை சமயம் நெல் மூட்டை, நடவு சமயம் ஆள்களை ஏற்றிக்கொண்டு போக, மற்ற நாளில் வாடகை. சீட் கவர் நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். முதல் ஆடி. சாப்பாடெல்லாம் ஆன பிறகு மாப்பிள்ளை வண்டியைப் பட்டறைக்குள் ஏற்றினார். நான் மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"ரெண்டு வெரல் போதும் மாமா. எல்லாரும் உங்ககிட்டதான் வர்றாங்க, நம்ம வண்டி மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது" என்றார் மாப்பிள்ளை.

இவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். வாயைத் திறந்தார். பட்டறையின் பின்வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். வாயில் விரல் வைத்துக் காட்டவில்லை, தலையை ஆட்டவில்லை. வெறுமே பார்த்தார். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளையிடம், புது வண்டியைத் தொட்டுக்கொண்டு, இது கவிழும் என்று எந்த மாமனாரால் சொல்ல முடியும்? நம் பக்கத்தில் அந்த நாளில் மாப்பிள்ளை சட்டையில் பொத்தான் அறுந்திருந்தாலும் யாரும் சொல்லமாட்டார்கள். இவர் வாயை மூடிக்கொண்டார். ஜாக்கியை எடுத்தார்.

அன்றைக்குத்தான் அவருக்குக் கை ஓடாமல் நான் பார்த்தேன். கிரைண்டர் ஸ்பிரிங்கின் மேல் வழுக்கி வழுக்கி விழுந்தது. அறுத்த வாய் கோணலாகப் போய், அதைத் தேய்த்துச் சரிசெய்யவே வெகுநேரம் ஆனது. கேட்டதைவிடக் கம்மியாக அறுத்து மாட்டினார். மாப்பிள்ளை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு விரல் இருக்கே மாமா என்றார். மறுபடி கழற்றி, மறுபடி அறுத்தார்.

வண்டி போனதும் நேராக என் கடைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, மாப்பிள்ளையிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொன்னார். மாப்பிள்ளை ஊருக்குள் நுழைகிற இடத்தில் வாய்க்காலுக்கு மேல் ஒரு மதகு இருக்கிறது. யானை முதுகு மாதிரி மேடாகக் கட்டியிருப்பார்கள். பின்னால் பாரம் இருந்தால் முன்பக்கம் லேசாகும். மேட்டில் ஏறி இறங்கும்போது முன்சக்கரம் தொங்கும். ஸ்பிரிங் முழு நீளம் இருந்தால் சக்கரத்தோடு சேர்ந்து நீளும். அறுத்த ஸ்பிரிங்குக்கு அவ்வளவு நீளம் கிடையாது. உட்கார்ந்திருக்கிற கிண்ணத்தில் ஆடும். என்றைக்காவது ஒருநாள் கிண்ணத்தை விட்டு நழுவும். கோணலாக அறுபட்டது இடது பக்கம். இடது பக்கம்தான் வாய்க்கால்.

நான் போய்ப் பக்குவமாகச் சொல்லட்டுமா என்றேன்.

"நீங்க சொன்னாலும் நான் சொன்னதாத்தான் அங்க போய்ச் சேரும்" என்றார்.

மறுவாரமே கும்பகோணம் போய் ஒரு ஜோடி புது ஸ்பிரிங் வாங்கி வந்து வைத்தார். புதுசு மாத்திடலாமா மாப்ள என்று கேட்டதற்கு, இப்பதானே மாமா லட்சணமா இருக்கு என்று பதில் வந்தது. ஏன் என்று சொல்லாமல் எப்படி வற்புறுத்துவது? அந்த ஜோடி பிளாஸ்டிக் உறை பிரியாமல் மூலையில் நின்றது. அப்புறம் இன்னொன்று செய்ய ஆரம்பித்தார். மகள் அந்த வண்டியில் எங்கே கிளம்பினாலும் இவரும் போய் முன்சீட்டில் ஏறிக்கொள்வார். டாக்டரிடம் போனால், கோயிலுக்குப் போனால், துணி எடுக்க மயிலாடுதுறை போனால், நடுவில் இவர். டீ மாஸ்டர் சும்மா இருப்பாரா? "என்னண்ணே, மாப்ள வண்டில கண்டக்டரா சேந்துட்டீங்களா" என்றார். இவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். என்னிடம் வந்து, "முன்னால எடை இருந்தா நல்லதுதானே" என்று மட்டும் சொன்னார். தன் உடம்பை ஒரு மூட்டை மாதிரி கொண்டுபோய் அங்கே வைத்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

கார்த்திகையில் பெண்ணுக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டில் வைத்துச் செய்துவிட்டு, அப்படியே தாய்வீட்டுக்கு அழைத்துவருவதாக ஏற்பாடு. நானும் போயிருந்தேன். விடாமல் மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். வாய்க்கால் கரை தொட்டுச் செம்பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பந்தலில் புளியோதரையும் எலுமிச்சை சாதமும் பரிமாறினார்கள். பெண்ணின் இரண்டு கையும் முழங்கை வரை வளையல். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

புறப்படுகிற வேளைக்கு மாப்பிள்ளை வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டிக்கு மாலை போட்டிருந்தார். பின்னால் ஜமுக்காளம் விரித்து, இரண்டு பக்கத்துப் பெண்களும் ஏறி நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். முன்சீட்டில் பெண்ணும், அவள் பக்கத்தில் ஒரு அத்தையும் என்று பெண்ணின் மாமியார் தீர்மானித்துவிட்டார். இவருக்கு இடம் இல்லை. பஸ்ஸில் வந்துடுங்களேன் சம்பந்தி என்றார்கள்.

இவர் வண்டியின் முன்னால் போய் நின்றார். பெண் ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறப் போனாள்.

"ஏறாதம்மா" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். மாமியார் கையில் ஆரத்தித் தட்டு இருந்தது. இவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தார். பட்டறையில் பேசுகிற அதே குரல்.

"மாப்ள, பின்னால இவ்வளவு பேர் இருக்காங்க. மதகு மேட்டுல முன்சக்கரம் தொங்கும். எடதுபக்க ஸ்பிரிங் கிண்ணத்த விட்டு நழுவும். வண்டி எடதுபக்கம் இழுக்கும். வாய்க்கா நெறைய ஓடுது. சொல்லிட்டேன்."

 பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். மாமியார் தட்டைக் கீழே வைத்தார். "நல்ல நாளும் அதுவுமா" என்றார்.  மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிருந்தது. சொந்த பந்தம் அத்தனை பேர் முன்னால் மாலை போட்ட வண்டியைச் சொல்லிவிட்டாரே மாமனார். சமையல்காரர்களுடைய அண்டாக்கள், அடுப்பு, நாற்காலிகள், மிச்ச அரிசி மூட்டை எல்லாவற்றையும் பின்னால் ஏற்றச் சொன்னார் மாப்பிள்ளை. "நானே போயிட்டு வந்து காட்டறேன்" என்றார். பெண் கையைப் பிடித்தாள். வளையல்தான் உடைந்தது.

மதகு அந்தத் தெருமுனையிலிருந்து பார்த்தால் தெரியும். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி வேகமாக மேடு ஏறியது. முன்பக்கம் லேசாக எழும்பியது, அதுகூட அழகாகத்தான் இருந்தது. இறங்கும்போது இடது மூலை முழங்கால் மடிந்த மாதிரி உட்கார்ந்தது. வண்டி அப்படியே இடதுபக்கம் திரும்பி, கரையைத் தாண்டி, தண்ணீருக்குள் போனது. அண்டாக்கள் மிதந்தன.

உயிர் இருந்தது. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் சம்பந்தியம்மாளுக்கு முன்னால் போய் நின்று, நான்தாங்க அறுத்தேன், கை கோணிடுச்சு, நான் செஞ்ச வேலைதான் இது என்றார். அந்த அம்மாள் அவரைப் பார்த்தார்.

"அறுத்தீங்க, அது உங்க தொழிலு. அத யாரும் கேக்கல. வாய ஏன் தொறந்தீங்க?"

அந்தக் குடும்பத்தில் மட்டும் இல்லை. ஊரிலும், எங்கள் ரோட்டிலும், வண்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கிய கிரேன்காரர் வரைக்கும் அதையேதான் பேசினார்கள். ஸ்பிரிங்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நழுவிய ஸ்பிரிங் வண்டிக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது, எல்லாரும் பார்த்தார்கள். அன்றைக்கு ஏறியிருக்க வேண்டிய பெண்கள்கூட, அவர் வாயாலதான் அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆச்சு என்று வீடு வீடாகச் சொன்னார்கள். அவர்கள் உயிரோடு இருந்து அதைச் சொன்னார்கள்.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இவரைப் பார்க்கவிடவில்லை. பெயர் வைக்கிற அன்றைக்கு அவர் மனைவி மட்டும் போய்வந்தார். மாப்பிள்ளை கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு, மகள் ஒருநாள் தனியாக வந்து பட்டறை வாசலில் நின்று பேசினாள். உள்ளே வரவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது.

"இனிமே யாரப் பத்தியும், எந்த வண்டியப் பத்தியும் எதுவும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்கப்பா. அப்பதான் அவங்க புள்ளைய இங்க தூக்கிட்டு வர விடுவாங்க. இல்லேன்னா அவன் உங்க முகத்தப் பாக்காமலே வளந்துடுவான்."

அவர் ரொம்ப நேரம் விரல்களைத் துடைத்தார். துடைக்க அழுக்கே இல்லை. அப்புறம் தலையை ஆட்டினார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வண்டி வரும், குத்தவைப்பார், சக்கரத்தைப் பார்ப்பார், எழுந்து ஜாக்கியை எடுப்பார். கொஞ்ச நாளில் சொல்லாமலே அவருக்குக் கை ஓடியது. இப்போதெல்லாம் அவர் ஒண்ணும் சொல்றதில்லை என்கிற சேதி பரவப் பரவ வண்டிகள் கூடின. வாசலில் இரண்டு மூன்று காத்து நிற்கும். எனக்கும் தையல் வேலை கூடியது. கிரைண்டர் சத்தம் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். என் கால் தானாக மிதியை நிறுத்திவிடும். ஒன்றும் கேட்காது. அப்புறம் இரும்பு அறுபடும்.

நான் கடையைக் காலிசெய்துகொண்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், குறுவை நடவு சமயம். மகள் குழந்தையோடு வந்திருந்தாள். பட்டறையில் பொறி பறக்கும் என்று என் கடையில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஸ்பிரிங் அறுத்து மாட்டிய ஒரு பிக்கப், ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை முறுக்க வேண்டும் என்பதால் காலையில் திரும்பி வந்தது. ஓட்டுகிறவர் மீசை சரியாக முளைக்காத வயது. பின்னால் நடவுக்குப் போகிற பெண்கள், தூக்குச் சட்டியும் பேச்சுமாக நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் நிறைய இருந்தார்கள். வாய்க்கால் கரையோடு போக வேண்டிய வண்டி.

அவர் நட்டுகளை முறுக்கினார். இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஓட்டுகிறவர் குனிந்து, "ஒண்ணும் பயம் இல்லல்லண்ணே?" என்றார்.

அவர் நிமிர்ந்து பின்னால் இருந்த பெண்களைப் பார்த்தார். அப்புறம் ரோட்டைத் தாண்டி என் கடையைப் பார்த்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா ஓடும் தம்பி" என்றார்.

வண்டி கிளம்பியது. பின்னால் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி எங்கள் கடையிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, திருப்பம் மறைக்கிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.